சேலத்தில் ஒரு சண்டே ஸ்கூல், அதை நடத்தும் சிறுவர் ஊழியர்: ஒரு பெற்றோரின் விமர்சனம்

சேலத்துக்குப் புதிதாகக் குடிவரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்தச் சபையில சண்டே ஸ்கூல் நல்லா இருக்கும்?" என்பதுதான். வரும் பதில்கள் பெரும்பாலும் ஹால் பெரியது, ஏசி இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, வருஷக் கடைசியில் பரிசு நன்றாகக் கொடுப்பார்கள் என்றே இருக்கும். அந்தப் பிள்ளைகளோடு ஞாயிறுதோறும் உட்காருகிற ஆள் யார், எப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் போகிற சபையில் முழுநேரச் சிறுவர் ஊழியர் ஒருவரை நியமித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அந்த ஊழியத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

சபை அஸ்தம்பட்டி தாண்டி இருக்கிறது. சபையின் பெயரையும் ஊழியரான அந்த அக்காவின் பெயரையும் இங்கே போடவில்லை. சின்னப் பிள்ளைகள் எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்பதைப் பொதுவில் எழுதிவைப்பது சரியில்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் விசாரித்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். என் மதிப்பெண் 5க்கு 4. பாக்கி ஒன்று எங்கே போனது என்று கடைசியில் சொல்கிறேன், அது அவர்மேல் வைக்கும் குறை இல்லை.

முதலில் இந்த வேலை என்னவென்று பலருக்குத் தெளிவில்லை. நம் ஊர்ச் சபைகளில் சண்டே ஸ்கூல் என்றால் கல்லூரியில் படிக்கும் தங்கைகள், ஓய்வுபெற்ற டீச்சரம்மா, பேங்க்கில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் என்று மனதிருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. மேலே சூப்பிரண்டு என்று ஒரு மூப்பர் இருப்பார். சபைப் போதகரான ஆயர், கல்யாணம், அடக்கம், ஆராதனை, கமிட்டி, நிலத்தகராறு எல்லாவற்றையும் பார்த்து முடித்து பிள்ளைகள் பக்கம் வரும்போது நேரம் மிச்சம் இருக்காது. அமெரிக்காவில் பல சபைகளில் பிள்ளைகளுக்கென்றே சம்பளம் கொடுத்து தனி ஊழியரை வைப்பது சாதாரணம். இங்கே மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு பொம்மையோடும் மேஜிக் பெட்டியோடும் வந்து போகிறவரைத்தான் சிறுவர் ஊழியர் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனால் எங்கள் சபையில் இந்தப் பதவியை அறிவித்தபோது, "பிள்ளைங்களோட பாட்டுப் பாட ஒருத்தருக்குச் சம்பளமா?" என்று நிறையப் பேர் வாய்விட்டே கேட்டார்கள்.

அவர் வாரத்தில் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிறு காலை வகுப்பு எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை மாலை அடுத்த வாரப் பாடத்தை எடுக்கப்போகும் தன்னார்வ ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, பாடத்தை அவர்களையே எடுக்கச் சொல்லிப் பார்க்கிறார். யார் கதையை இழுக்கிறார்கள், யார் கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்லுமுன் தானே சொல்லிவிடுகிறார்கள் என்று கவனித்து, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். சனிக்கிழமை வீட்டுச் சந்திப்பு. கன்னங்குறிச்சி, மணக்காடு, கோரிமேடு என்று ஸ்கூட்டியில் போகிறார். பெரியவர்களிடம் ஜெபக்குறிப்பு கேட்பதற்கு முன் பிள்ளையிடம் என்ன விளையாடுகிறாய், யார் உன் ஃபிரண்டு என்று கேட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராத பிள்ளை வீட்டுக்கு போன் வரும். அது "ஏன் வரலை?" என்ற விசாரணை போன் இல்லை, "காய்ச்சலா கண்ணு?" என்று ஆரம்பிக்கிற போன். வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், வீட்டில் கூப்பிடும் பெயரும், பரீட்சை எப்போது என்பதும் அவருக்குத் தெரியும்.

பெற்றோர் எந்த ஞாயிறு வேண்டுமானாலும் பின்னால் போய் உட்காரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சண்டே ஸ்கூல் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த அனுமதி உண்டா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். நான் உட்கார்ந்த ஒரு வாரம் சாமுவேல் கதை. இராத்திரியில் ஆலயத்தில் படுத்திருக்கும் பையனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவன் ஆசாரியரான ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடுகிறானே, அது. சின்ன வகுப்புக்கு அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் கதை இல்லை. அதற்குள்ளேயே பிள்ளைகள் எழுந்து ஓடி, "இதோ இருக்கிறேன்" என்று சொல்லி, திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும். மூன்று தடவையும் ஓடி முடித்தபோது ஒரு பிள்ளைக்குக்கூடக் கதை மறக்க வழியில்லை. என் மகன், "என்னையும் கூப்பிடுவாரா?" என்று கேட்டான். "உன் பேரு அவருக்குத் தெரியும் சாமி. எப்ப, எப்படிக் கூப்பிடுவார்னு எனக்குத் தெரியாது. கூப்பிட்ட மாதிரி இருந்தா சாமுவேல் மாதிரி ஒரு பெரியவங்ககிட்ட ஓடிப் போய்ச் சொல்லு" என்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் இல்லாத பதில் அது.

அந்த வயதுப் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். இருதயத்துக்குள் இயேசு வருவார் என்று சொன்னால் எந்த வழியாக வருவார், வலிக்குமா என்று நிஜமாகவே யோசிக்கும் வயது. அதனால் சின்ன வகுப்பில் அந்த மாதிரி வாக்கியங்களை அவர் குறைத்துவிட்டார், ஆசிரியர்களையும் குறைக்கச் சொல்கிறார். இயேசு என்ன செய்தார், யாரோடு சாப்பிட்டார், யாரைத் தொட்டுக் குணமாக்கினார் என்று நடந்ததைச் சொல்லுங்கள், மற்றது பின்னால் வரட்டும் என்பது அவர் கணக்கு.

அதே சாமுவேல் கதை ஜூனியர் வகுப்பில் வேறு மாதிரி போனது. ஆண்டவர் சாமுவேலிடம் சொன்ன செய்தி ஏலியின் குடும்பத்துக்கு எதிரான கெட்ட செய்தி. காலையில் அதை ஏலியிடம் சொல்லப் பையனுக்குப் பயம். சண்டே ஸ்கூலில் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை, கூப்பிட்டார் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். இவர் அங்கேதான் நின்றார். "பெரியவங்க தப்பு பண்ணியிருக்காங்க, அது உனக்குத் தெரியும், சொல்லப் பயமா இருக்கு. நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தார். பிள்ளைகள் பேசினார்கள், சிலர் சொல்ல மாட்டேன் என்றார்கள், ஒரு பையன் எழுதி வைத்துவிட்டு ஓடிவிடுவேன் என்றான். எல்லாம் கேட்டுவிட்டு, ஏலி அந்தப் பையனைத் திட்டவில்லை, மறைக்காமல் சொல் என்றுதான் கேட்டார், கெட்ட செய்தி என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டார், உங்கள் வாழ்க்கையில் அப்படிக் கேட்கக்கூடிய பெரியவர் இரண்டு பேரை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார். என் மகள் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பேர் யார் என்று சொன்னாள். ஒருத்தி அவள் அம்மாயி. இன்னொருவர் இந்த அக்கா.

அப்புறம் வாசிப்பு. நம் பிள்ளைகள் பாதிக்கு மேல் இங்கிலீஷ் மீடியம். தமிழ் வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் அர்த்தம் ஓடிவிடுகிறது. இவர் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று வசனம் மட்டும், அவசரமில்லாமல் வாசிக்க வைக்கிறார். வகுப்பு முடிந்த பிறகு வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் தமிழும் இங்கிலீஷும் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொலுசுப் பட்டறை வேலைக்கும் தறி வேலைக்கும் போகிற குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இதற்காகவே தங்குகிறார்கள். சபையில் ஒருவர், "இது டியூஷன் சென்டரா?" என்று கேட்டாராம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் சண்டே ஸ்கூல் தொடங்கியதே வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிறு ஒருநாள் மட்டும் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத்தான். வேதாகமம்தான் பாடப்புத்தகம், எழுத்தறிவும் அதிலேயே வந்தது. அந்த ஆரம்பத்தை மறக்காத ஒருவர் நம் ஊரில் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த ஊழியத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த அரைமணி நேரத்தைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பயமுறுத்துவது கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு வேறோர் இடத்தில் விபிஎஸ்சுக்கு அனுப்பியபோது, கடைசி நாள் ஒருவர் நரகத்தைப் பற்றி விளக்கு அணைத்து, சத்தம் போட்டு, பிள்ளைகளைக் கதற வைத்து, பிறகு கைதூக்கச் சொல்லி எண்ணிக்கை எடுத்தார். என் மகள் பல இரவு தனியாகப் படுக்கவில்லை. கேட்டதற்கு, "ஆவியானவர் அசைவாடினார்" என்றார்கள். பிள்ளை பயந்து அழுவதை மனந்திரும்புதல் என்று கணக்கில் எழுதுகிறவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். இங்கே கைதூக்கச் சொல்லும் வழக்கமே இல்லை. கேள்வி இருந்தால் ஆராதனை முடிந்து அப்பா அம்மாவோடு வா என்பார்.

இப்போது பாதுகாப்பு. எனக்கு முக்கியமான பகுதி இதுதான், பெற்றோர் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். எந்த வகுப்பிலும் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வகுப்புக் கதவில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சின்னப் பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போக பெண் ஆசிரியர், அதுவும் வாசலில் இன்னொருவர் நிற்கும்போது. கொண்டுவந்து விட்டவர் கையெழுத்துப் போட்டால் அவரிடமோ, அவர் எழுதிக் கொடுத்த ஆளிடமோதான் பிள்ளையை அனுப்புவார்கள். ஒருமுறை என் மைத்துனர் போனபோது எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவருக்குக் கொஞ்சம் கோபம், எனக்கு நிம்மதி. தன்னார்வ ஆசிரியர்கள் பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது. பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடுவதில்லை. புதிதாகச் சபைக்கு வந்தவர், எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும், சில மாதம் பழகிய பிறகு, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கிய பிறகுதான் வகுப்புக்குள் வரலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம், ஒன்றும் பெரிய அலைச்சல் இல்லை.

"நம்ம சபையில இதெல்லாம் எதுக்கு? எல்லாரும் தெரிஞ்சவங்கதானே" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். அதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரும் குழந்தைகள். குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது, சொல்லாமல் மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனத்துக்குப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. "சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இதில் இடமே இல்லை. இந்த அக்கா பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பிள்ளை ஏதாவது சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அங்கே சொல்வேன், அதைப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டே செய்வேன் என்று. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பாட்டு எப்படி என்று கேட்பதற்கு முன் இந்த விதிகள் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டில் அப்புச்சி இறந்தபோது அவர் வந்தார். பெரியவர்கள் எல்லாரும் என் மகனிடம் தாத்தா தூங்குகிறார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இவர் அவனைத் திண்ணைக்குக் கூட்டிப்போய், அப்புச்சி செத்துப்போய்விட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அவருக்கு இனிமேல் வலிக்காது, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, நாம் அவரை மறுபடி பார்ப்போம் என்று நம்புகிறோம் என்று சொன்னார். பிறகு என்னிடம், தூங்குகிறார் என்று சொன்னால் இந்த வயதுப் பிள்ளை தூங்கவே பயப்படும், எடுத்துக்கொண்டார் என்றால் என்னையும் எடுத்துக்கொள்வாரா என்று நினைக்கும், அதனால்தான் நேராகச் சொன்னேன் என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு பெரியவர்கள் இருந்தும் பிள்ளையோடு பேச வந்தவர் அவர் ஒருவர்தான். இதுவும் ஊழியம்தான், இதை எந்த ஆண்டு அறிக்கையிலும் எழுத முடியாது.

வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையும் வருகிறது. மைக் சத்தம் தாங்காது. அந்தத் தாயோடு முன்கூட்டிப் பேசி, வாசலுக்குப் பக்கத்தில் இடம், அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் படஅட்டைகள், பாட்டு நேரத்தில் வெளியே நடந்துவர ஓர் ஆசிரியர் என்று ஏற்பாடு செய்தார். இன்னொரு வேலையும் செய்தார், வகுப்பில் மைக்கையே எடுத்துவிட்டார். சின்ன அறையில் அது எதற்கு இருந்தது என்று இப்போது எல்லாருமே கேட்கிறோம்.

தகுதி என்று வருவோம். இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது கமிட்டி போட்ட அறிவிப்பில் இறையியல் பட்டம், 35 வயதுக்குள், கீபோர்டு அல்லது கிட்டார், மேடையில் நன்றாகப் பேச வேண்டும் என்று இருந்தது. இவரிடம் இறையியல் படிப்பு இருக்கிறது, கீபோர்டு தெரியாது, அதற்கு முன் சில வருஷம் நர்சரி பள்ளியில் வேலை பார்த்தவர். நல்லவேளை, நேர்காணலில் ஆயர் அந்தப் பள்ளி அனுபவத்தைக் கணக்கில் எடுத்தார். செராம்பூர் பல்கலைக்கழக முறையில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படித்து வருகிறவர்களுக்கு நாலு வருஷப் படிப்பில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரெயம், கிரேக்கம், சபை சரித்திரம் எல்லாம் வரும். அந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். "நோவா காலத்து வெள்ளத்துல மத்த பசங்கல்லாம் என்ன ஆனாங்க?" என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும்போது சமாளிப்புப் பதில் சொல்லாமல் இருக்க ஆழமான படிப்பு வேண்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று வாசலில் புரளும்போது எபிரெயம் உதவாது. இரண்டும் உள்ள ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தால் விடக் கூடாது.

படிப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியது நடத்தை. 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் சபையை நடத்தும் கண்காணியின் தகுதிகளை வாசித்துப் பாருங்கள், போதகத் திறமை என்பது ஒரு தகுதி, மற்றவை பெரும்பாலும் குணமும் குடும்பமும்: நிதானம், சண்டைபண்ணாமை, பண ஆசையின்மை, வெளியில் நற்பெயர். பிள்ளைகளிடம் போகிறவருக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் எதற்கு? நான் பார்த்த வரையில் இந்த அக்கா களைத்திருக்கும்போதும் பிள்ளையிடம் குரலை உயர்த்துவதில்லை. ஒருமுறை தப்பு செய்யாத பையனைக் கண்டித்துவிட்டார், அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். விபிஎஸ் முடிந்ததும் வரவு செலவு, கலர் பேப்பர் வாங்கியது முதல் ஜூஸ் வரை, நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். யாரும் கேட்கவில்லை.

பெற்றோரை ஒதுக்காமல் இருப்பதும் ஒரு தகுதி. பவுல் 2 தீமோத்தேயு 1:5இல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் சொல்கிறார். ஞாயிறு ஒரு மணி நேரத்தில் ஊழியர் எவ்வளவு செய்துவிட முடியும்? இவர் வாரம் ஒரே ஒரு கேள்வியை எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார், இராத்திரி சாப்பிடும்போது பிள்ளையோடு பேச. வீடியோ, பாட்டு லிங்க், நீளமான குறிப்பு எதுவும் இல்லை, ஒரே கேள்வி. "உனக்குத் தெரிந்த ஒரு ரகசியத்தை யாரிடம் சொல்வாய்?" என்று வந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிய ஒன்பதரை ஆகிவிட்டது.

ஏற்காடு முகாம் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்பது வயது நிறைந்தவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும், கோடை விழா கூட்டம் தொடங்குவதற்கு முன், மூன்று நாள். போகுமுன் சம்மதக் கடிதம், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் எழுதி வாங்கினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை, காலையில் பிள்ளைகளுக்கு இட்லி ஒன்றோ இரண்டோ மட்டும் கொடுத்து அனுப்புங்கள், பஸ்ஸில் கவர் இருக்கும் என்று முதல் நாளே செய்தி வந்தது. மகள் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்ததே அதனால்தான். பெண்பிள்ளைகள் அறைப் பக்கம் முழுக்கப் பெண் ஆசிரியர்கள், இரவு ஒருவர் முழித்திருக்க முறை போட்டிருந்தார்கள். காலையில் காபித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் பாதையில், பேசாமல் நடந்துவந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் பகலில் வந்து சேர்ந்துகொண்டார்கள், அதைத்தான் மகள் அதிகம் பேசினாள். குறை என்றால், இராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு மேல், கம்பளி போதவில்லை, மேலும் மூன்று நாளில் கூட்டங்கள் அதிகம், விளையாட்டு குறைவு. மலைக்குக் கூட்டிப்போய் ஹாலுக்குள்ளேயே உட்கார வைக்க வேண்டாம். இதை அவரிடம் நேரில் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

இனி அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். 13 வயதுக்கு மேற்பட்ட வகுப்பு பலவீனமாக இருக்கிறது. திடப்படுத்தலுக்கு, அதாவது தன் விசுவாசத்தைத் தானே சபைமுன் உறுதிசெய்யும் சடங்குக்கு, முந்திய வயதுப் பிள்ளைகளின் கேள்வி வேறு, அதற்குத் தனி ஆள் வேண்டும், அவரையே அதற்கும் இழுப்பது நியாயம் இல்லை. ஆண் ஆசிரியர்கள் மிகக் குறைவு, அப்பாக்கள் பிள்ளையை இறக்கிவிட்டு பைக்கிலேயே சாய்ந்து நிற்கிறார்கள். வகுப்புக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு கழிவறை கிடையாது. இதெல்லாம் பணம், ஆள் சம்பந்தப்பட்டது, மெல்லச் சரியாகும் என்று விடலாம்.

விட முடியாதது, சபை அவரை நடத்தும் விதம். சிறுவர் ஊழியர் என்று நியமித்துவிட்டு கிறிஸ்மஸ் மேடை அலங்காரம், ஆலயப் பூ, சபைக் கடிதம் டைப் அடிப்பது, விருந்தாளிப் பிரசங்கிக்குச் சாப்பாடு ஏற்பாடு எல்லாம் அவர் தலையில்தான். சம்பளம் ஒரு பள்ளி ஆயாவுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பெட்ரோல் தனியாக இல்லை. பிரசங்க நேரத்தில்தான் வகுப்பு நடக்கிறது என்பதால் அவர் ஆராதனையில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, திருவிருந்து ஞாயிறன்றும் கடைசியில் ஓடிவந்து எடுத்துவிட்டுத் திரும்ப ஓடுகிறார். எல்லார் பிள்ளைக்கும் ஆண்டவரைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு உட்கார்ந்து ஜெபிக்க ஒரு ஞாயிறு இல்லை என்றால் அவர் எத்தனை வருஷம் தாங்குவார்? கூடவே விபிஎஸ் நடந்த பத்து நாளும் கமிட்டிக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி, "இன்னிக்கு எத்தனை பேர்?" என்பது. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: சபை அங்கத்தினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. ஜூன் மாதம் புது வகுப்பு பிரிப்பார்கள், ஆனால் நடுவிலும் சேரலாம். முதல் நாள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்ப் பதிவேட்டில் எழுதுங்கள், கார் நிறுத்த இடம் கிடையாது, தெருமுனையில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் நீங்களும் கூடவே உட்கார வேண்டும்.

ஏற்கெனவே அங்கே பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம்: சம்பள உயர்வு, பெட்ரோல் படி, மாதம் ஒரு ஞாயிறு வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுதலை, வருஷத்துக்கு முறையான விடுமுறை, பெரிய பிள்ளைகள் வகுப்புக்கு இன்னோர் ஆள். அந்த ஒரு ஞாயிறு வகுப்பை எடுக்க அப்பாக்கள் நாலு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவர்களும் சரிபார்ப்புச் சான்று வாங்கிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கையெழுத்துப் போடவும் பெயர் கொடுக்கவும் ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்கவாசலில் இருப்போம்.